ஷட்டர் கைப்பிடியும் பதினாறு சுருக்கொப்பமும்

வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, அமைதிப் பேச்சுவார்த்தை நடத்துவது எப்படி என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எப்படி நடத்துவது என்பது உங்கள் பயிற்சிக் கையேட்டிலேயே இருக்கிறது. இரு தரப்பையும் அழைக்க வேண்டும், இரு தரப்பையும் கேட்க வேண்டும், எழுதி வாசித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதையே நானும் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், நானும் உங்களோடு சேர்ந்து விடுவேன். அதனால் என் பணிக்காலத்தில் நான் எழுதியவற்றிலேயே மிகவும் கெட்டிக்காரத்தனமான ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது மறுநாள் காலை ஏழு மணி வரை உயிரோடு இருந்தது.

நான் வட்டாட்சியராகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அரியலூர் தனி மாவட்டமாகி, கொஞ்ச காலத்திலேயே மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்ட சமயம் அது. ஆபீஸில் பழைய அச்சுத்தாள் கட்டுக்கட்டாக மிச்சம் கிடந்தது. புதுத்தாள் வரும்வரை 'அரியலூர் மாவட்டம்' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே 'பெரம்பலூர்' என்று எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு மாவட்டத்தையே அடித்து எழுதினோம், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கால்வாய்க்காகவும் நீரிணைக்காகவும் நாடுகள் மேசை போட்டுப் பேசுவதைச் செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தா.பழூர் பக்கத்து வாய்க்கால் ஒன்றுதான் நினைவுக்கு வரும். நாலு பேர் கைகோத்து நின்றால் அதன் அகலம் முடிந்துவிடும். அது ஒரு ஊருக்குள் நுழைந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அந்த ஊர் வயல்களுக்கு. இன்னொன்று எட்டு கிலோமீட்டர் ஓடி இன்னொரு ஊரில் முடிகிறது. ஊர்ப் பெயர்கள் வேண்டாம், தலைமடை ஊர், கடைமடை ஊர் என்றே சொல்கிறேன். கடைமடைக் கிளையின் வாயில் ஓர் இரும்பு ஷட்டர். ஏற்றினால் கடைமடைக்குத் தண்ணீர் போகும், இறக்கினால் எல்லாம் தலைமடைக்கே. ஷட்டரைத் திருகுவதற்கு முழங்கை நீளத்தில் ஒரு கைப்பிடி உண்டு, அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம். அந்த இரும்புத்துண்டு யாரிடம் இருக்கிறதோ அவர் கையில் இரண்டு ஊர்களின் சாப்பாடு.

அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. ஆற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். முந்தைய முறையில் வந்த கொஞ்சத் தண்ணீர் தலைமடையிலேயே தீர்ந்துபோய், கடைமடைக்கு ஒரு சொட்டும் போகவில்லை. கடைமடை ஆட்கள் கடப்பாரையோடு வந்து ஷட்டரை நெம்பினார்கள், தலைமடை ஆட்கள் கம்போடு வந்தார்கள். இரண்டு பேர் ஆஸ்பத்திரியில், இரு பக்கமும் வழக்கு, தா.பழூரில் அரை நாள் சாலை மறியல். அடுத்த முறைத் தண்ணீர் ஐந்து நாள் மட்டும் வரும், அதன்பின் சில வாரம் ஆறு மூடப்படும் என்று தகவல் வந்தது. அந்த ஐந்து நாள் தொடங்குவதற்குள் பேசி முடிக்க வேண்டும்.

பேச்சுவார்த்தைக்கு இரண்டு நாள் முன்பு கடைமடை ஊரிலிருந்து அஞ்சலை என்றொரு அம்மா என் அறைக்கு வந்தார். அரை ஏக்கர் குத்தகை நிலம், வாய்க்காலின் கடைசி வயல். மடியிலிருந்து ஒரு நெற்பயிரை எடுத்து என் கோப்புகளின் மேல் வைத்து, தண்டை நகத்தால் கீறிப் பிரித்தார். உள்ளே வெள்ளையாக, நூல் நூலாகக் கதிர் சுருண்டிருந்தது.

"புள்ள வயித்துல இருக்குங்கம்மா. இப்பத் தண்ணி காட்டலன்னா அத்தனையும் பதருதான்" என்றார். "எங்க வயலுக்கு அப்பால வாய்க்காலே கெடையாது. நாங்கதான் கடேசி."

"தண்ணி வரும், போங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

வாக்குக் கொடுக்கும்போது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்பதை நீங்களும் சீக்கிரமே தெரிந்துகொள்வீர்கள்.

நான் எழுத்தராக இருந்த காலத்தில் எனக்கு ஒரு வட்டாட்சியர் இருந்தார். அதிகம் பேசாதவர், பேசினால் சுருக்கென்று இருக்கும். "கூட்டத்துக்கு முந்தி நாற்காலிய எண்ணும்மா" என்பார். ஒரு பக்கத்துக்கு ஒன்று கூடிவிட்டாலும் பேச்சு அங்கேயே கெட்டுப்போகும் என்பது அவர் அனுபவம். பேச்சுவார்த்தை அன்று நானே கூட்ட அரங்குக்குப் போய் எண்ணினேன். தலைமடைக்கு எட்டு, கடைமடைக்கு எட்டு, நடுவில் எனக்கொன்று. மனுவில் பெயர் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் இடம் சரியாக இருந்தது. எனக்கு மிகவும் திருப்தி.

தலைமடைப் பக்கம் பேசியவர் எழுபது வயதுப் பெரியவர், வெள்ளை வேட்டி, நிமிர்ந்த முதுகு. கடைமடைப் பக்கம் பேசியவர் துபாயில் சில வருடம் வேலை பார்த்துத் திரும்பி, சம்பாதித்ததை நிலத்தில் போட்டவர். தண்ணீரைப் பங்கு வைப்பது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இந்த ஐந்து நாளும் கடைமடைக்கு, அடுத்த முறையிலிருந்து ஆளுக்குப் பாதி. நான் பேனாவை மூடப் போனேன். அப்போதுதான் துபாய்க்காரர் கேட்டார்:

"கைப்பிடி யாருகிட்ட இருக்கும்?"

"எப்பவும்போல எங்க ஊர்லதான்" என்றார் பெரியவர். "எங்க எல்லையில இருக்கற ஷட்டரு அது."

"அப்ப நீங்க எழுதறது எதுக்கும் அர்த்தமே இல்லீங்கம்மா. இவங்க நெனச்சா தொறப்பாங்க, நெனச்சா மூடுவாங்க. நாங்க பேப்பரத்தான் வயல்ல பாய்ச்சணும்."

இங்கே நாலு மணி நேரம் போனது. இதை நன்றாகக் கவனியுங்கள். பங்கை மனிதர்கள் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். அந்தப் பங்கை அளந்து கொடுக்கும் கை யாருடையது என்பதில்தான் எல்லாப் பேச்சும் முட்டிக்கொண்டு நிற்கும். கையேட்டில் இது இல்லை.

"இப்ப அந்தக் கைப்பிடி எங்க இருக்கு?" என்று நடுவில் ஒரு முறை கேட்டேன்.

"காலனியில ஒரு ஆளுகிட்டக் கெடக்கும்மா" என்றார் பெரியவர். "அத வுடுங்க."

விட்டுவிட்டேன். துபாய்க்காரரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அந்த ஷட்டரைப் பார்த்துக்கொள்ள முன்பு ஒரு அரசாங்க ஊழியர் இருந்தார், அவர் ஓய்வு பெற்றபின் யாரையும் போடவில்லை என்பது வரை எனக்குத் தெரியும். அதன்பின் யார் திருகுகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

சாப்பாட்டு வேளை தாண்டியபோது எனக்கு அந்த யோசனை வந்தது. கிராம நிர்வாக அலுவலர் ஆபீஸில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைமடையிடம், ஒரு சாவி கடைமடையிடம். கைப்பிடி பெட்டிக்குள். இரண்டு ஊரும் சேர்ந்து வந்தால்தான் ஷட்டர் திறக்கும், சேர்ந்து வந்தால்தான் மூடும். சொன்னதும் பெரியவர் மோவாயைத் தடவினார். துபாய்க்காரர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பகையோடு பேச வந்தவர்கள் பேச்சு முடியும்வரை அங்கே எதுவும் குடிக்க மாட்டார்கள். குடித்துவிட்டால் முடிந்துவிட்டதாக அர்த்தம். காலையிலிருந்து ஒருவரும் தண்ணீர்கூடத் தொடவில்லை. இதுதான் சமயம் என்று திரும்பிப் பார்த்தேன். வாசலோரம், காலையிலிருந்தே, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். யாரோடோ துணைக்கு வந்தவர் என்று நினைத்தேன்.

"ஏம்பா, கடைக்குப் போயி பதினேழு டீ வாங்கிட்டு வா" என்றேன்.

அவர் ஒரு நொடி இரண்டு பக்கத்தையும் பார்த்தார். பிறகு போய் வாங்கிவந்து மேசை ஓரத்தில் தட்டை வைத்தார். பெரியவர் ஒரு கிளாஸை எடுத்தார். துபாய்க்காரர் எடுத்தார். பிறகு எல்லோரும் எடுத்தார்கள். பதினேழாவது கிளாஸ் எனக்கு. பதினெட்டாவது என்று ஒன்று இல்லை. நான் எண்ணித்தானே சொன்னேன்.

டீ ஆறுவதற்குள் எழுதி முடித்து உரக்க வாசித்தேன். பெட்டியைப் பற்றிய பத்தி இப்படித் தொடங்கியது: 'மேற்படி ஷட்டர் கைப்பிடி இதுநாள் வரை உரிமையற்ற நபர் ஒருவரின் வசம் இருந்துவந்தமையால், அதனைக் கைப்பற்றி...' அது புறம்போக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸில் வரும் வாசகம். நூற்றுக்கணக்கான நோட்டீஸில் அதை எழுதியிருக்கிறேன். கை பழகிவிட்டது, மனதைக் கேட்காமலே எழுதியது. வாசிக்கும்போது வாசலோர மனிதர் காலி கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். பதினாறு பேரில் ஓரிருவர் அவரை ஏறிட்டுப் பார்த்ததை நானும் பார்த்தேன். பதினாறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கோட்டாட்சியர் போனில் என்னைப் பாராட்டினார். அன்று மாலையே கிராம நிர்வாக அலுவலர் காலனிக்குப் போய்க் கைப்பிடியை வாங்கிவந்து பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் காலை ஆறு மணி. ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டது. இரண்டு சாவியும் வந்தன, பெட்டி திறந்தது. கைப்பிடியை ஷட்டரில் மாட்டினார்கள். பிறகு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரு திருகுறது?" என்றேன்.

"அவரு வரலீங்களே" என்றார் துபாய்க்காரர்.

"எவரு?"

"அதாம்மா, நேத்து டீ வாங்கியாந்தாரே. அவருதான எப்பவும் தொறந்து மூடறது. அதுக்குத்தான கூட்டியாந்தோம்."

இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே மனதாகச் செய்த ஒரே காரியம் அவரைக் கூட்டி வந்ததுதான். அவரை நான் டீ வாங்க அனுப்பியிருக்கிறேன்.

அதற்குள் கடைமடை ஆள் ஒருவர், வாட்டசாட்டமானவர், "இதென்ன பெரிய வித்தையா?" என்று கைப்பிடியைப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் திருகினார். ஷட்டர் ஒரு சாண் ஏறியது. கிறீச்சென்று ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது, மீதியெல்லாம் தலைமடைக் கிளையில் குதித்து ஓடியது.

"வேணும்னே ஏதோ பண்ணி வச்சிருக்காங்க!" என்று ஒரு குரல்.

"கடப்பாரையப் போட்டு நெம்புனது யாருடா?" என்று எதிர்க்குரல்.

ஒருவர் குனிந்து கல்லெடுத்தார். போலீஸைக் கூப்பிடலாம், கூட்டம் கலையும், ஷட்டர் ஏறாது. திருச்சியிலிருந்து ஆளை வரவழைத்துச் சரிசெய்யலாம், மூன்று நாள் ஆகும். ஆறு ஐந்து நாளில் மூடிவிடும். நடுவில் போய் நின்று, "மத்தியானத்துக்குள்ள அவரோட வரேன். அதுவரைக்கும் யாரும் ஷட்டரத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

அவர் வீட்டில் அவருடைய மனைவிதான் இருந்தார். "அரியலூருக்குப் போயிட்டாருங்க, மவன்கிட்ட. இனிமே மடைப்பக்கமே போவ மாட்டேன்னுட்டுத்தான் போனாரு" என்றார். மகன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். அரியலூரில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில், ஒரு லாரியின் நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஷட்டர் மாட்டிக்கிச்சுங்க. நீங்க வந்தாத்தான் ஆகும்" என்றேன். முந்தின நாள் 'ஏம்பா' சொன்ன வாய் அது.

"நான் எப்படிங்கம்மா வர்றது? நான் உரிமையில்லாத ஆளு. நீங்கதான படிச்சீங்க." கோபமே இல்லாமல் சொன்னார். "பதினெட்டு வருசமா எங்க வூட்டு எறவாணத்துல சொருவியிருந்துச்சும்மா அது. ராத்திரியில ரெண்டு ஊருலேருந்தும் வந்து கதவத் தட்டுவாங்க. ஒரு மணி நேரம் தொறந்துவுடு, ஒரு மணி நேரம் மூடிவுடுன்னு. ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. எங்கண்ணன் மவன் வந்து கேட்டான், அவனுக்கும் குடுக்கல. அன்னிக்கிக் கடப்பாரையோட ஏன் வந்தாங்க? கைப்பிடி எங்கிட்டேருந்து கெடைக்காதுன்னுதான். நேத்து உங்காளு வந்து 'எடு'ன்னாரு. குடுத்துட்டேன்."

"தப்புதாங்க. மன்னிச்சிருங்க" என்றேன். இருபது வருடப் பணியில் அந்த வார்த்தையை மேலதிகாரிகளுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"அது எனக்கும் உங்களுக்கும்" என்றார். "அத்தன பேரு முன்னால படிச்சது தாளுல அப்படியேதான இருக்கு? நாளைக்கி எம்பேரன் படிப்பான்ல? அவங்க முன்னாலயே அந்த வரிய அடிங்க. நான் வரேன்."

நியாயமான கோரிக்கைதான். ஆனால் நம் துறையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கையெழுத்தான தாளில் ஒரு சொல்லை அடித்தாலும், கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் அடித்த இடத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். மாவட்டத்தின் பெயரை அடித்தபோது யாரிடமும் சுருக்கொப்பம் கேட்கவில்லை. இந்த ஒரு மனிதர்மேல் நான் ஒட்டிய இரண்டு சொல்லை எடுக்கப் பதினாறு வேண்டும்.

பக்கத்தில் ஓர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கோட்டாட்சியருக்குப் பேசினேன். "கையெழுத்தான பேப்பர்ல கைவைக்காதீங்கம்மா. நீங்க ஒரு வரியத் தொட்டா பதினாறு பேரும் ஆளுக்கு ஒரு வரி கேப்பாங்க. மொத்தமும் பிரிஞ்சிடும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவருக்கும் என்னைப் போலவே அனுபவம் இருந்தது. நான் போனை வைத்துவிட்டு லாரி வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நொடியில் எனக்கு நெற்பயிரைக் கீறிய நகம்தான் கண்ணில் தெரிந்தது. திரும்பி வந்து, "ஏறுங்க, போகலாம்" என்றேன்.

நாங்கள் வாய்க்கால் கரைக்குத் திரும்பும்போது மத்தியானம் ஆகிவிட்டது. கலைந்து போனவர்களைத் திரட்டி வர இன்னும் இரண்டு மணி நேரம். ஒப்பந்தத் தாளை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்தேன். அந்தப் பத்தியை மறுபடி உரக்க வாசித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கூச்சத்தோடு எதையும் வாசித்ததில்லை. "இது தப்பு. நான் அடிக்கிறேன். எல்லாரும் பக்கத்துல சுருக்கொப்பம் போடணும்" என்றேன்.

கோட்டாட்சியர் சொன்னது அப்படியே நடந்தது. "அப்ப எங்களுக்கும் ஒரு திருத்தம் இருக்கு" என்றார் பெரியவர். "அஞ்சு நாள நாலாக்குங்க. ஒரு நாளுதான் போயிடுச்சே."

"அது நீங்களும் அவங்களும் பேசி ஒத்துக்கிட்ட வரிங்க ஐயா. அதத் தொடற உரிமை எனக்குக் கெடையாது. இது நான் போட்ட வரி. ரெண்டு ஊரும் கேக்காம நானா எழுதுனது. என்னோடதத்தான் நான் அடிக்கிறேன்" என்றேன்.

முன்கூட்டி யோசித்து வைத்த பதில் இல்லை. சொன்னபிறகுதான் அதன் பலம் எனக்கே புரிந்தது. முடிந்த பேச்சை மறுபடி திறக்க நேர்ந்தால், உங்கள் தவறு எதுவோ அதை மட்டும் திறங்கள்.

துபாய்க்காரர் முதலில் போட்டார். போட்டுவிட்டு, "பொட்டியும் வேணாம்மா" என்றார். "கைப்பிடி அவருகிட்டயே இருக்கட்டும். எங்களுக்குச் சண்ட இந்த ஊரோடதான். அவரோட இல்ல." என் இரண்டு பூட்டுத் திட்டம் அத்தோடு முடிந்தது. பத்தி முழுவதையும் அடித்தேன். ஒருவர் பின் ஒருவராகப் போட்டார்கள். பதினைந்து ஆயிற்று. பெரியவர் மட்டும் பேனாவை வாங்கவில்லை.

"இவனுக்காக நான் கையெழுத்துப் போடணுமா?" என்றார்.

வாசலோரம் நின்ற அதே மனிதர், இப்போது வாய்க்கால் ஓரம் நின்றபடி, ஷட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு சாண் தூக்குனபடி நிக்குதுங்க. இப்படியே வுட்டு யாராச்சும் நெம்பித் தூக்குனா மரை போயிரும், அப்பறம் எறங்கவே எறங்காது. அடுத்த மொறைக்கு மூடணும்னா முடியாது. ஐயா வயலுக்கும் அப்பப் பாதித் தண்ணி நிக்காது."

மிரட்டல் இல்லை. ஷட்டரின் நிலைமையைச் சொன்னார், அவ்வளவுதான். பெரியவர் வெகுநேரம் தாளைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கினார். மற்றவர்கள் இரண்டு எழுத்தில் முடித்த இடத்தில் அவர் முழுக் கையெழுத்துப் போட்டார். கோபத்தில் போட்டாரா, மரியாதையில் போட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடித்த இடத்துக்கு மேல் புதிதாக எழுத வேண்டும். கைப்பிடி இதுவரை யாரிடம் இருந்தது, இனி யாரிடம் இருக்கும் என்று. பேனா நின்றுவிட்டது. அவரை டீ வாங்க அனுப்பியிருக்கிறேன், அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன், ஒரு மணி நேரம் என் ஜீப்பில் அழைத்து வந்திருக்கிறேன். பெயரைக் கேட்கவில்லை.

"உங்க பேரு?"

"கலியபெருமாளுங்க. அப்பா பேரு சின்னத்தம்பி."

"கலியன்னுதான் எங்களுக்குத் தெரியும்" என்று பெரியவர் முணுமுணுத்தார்.

'இரு ஊராரின் சம்மதத்துடன் திரு. சி. கலியபெருமாள் அவர்களின் வசம் இருந்துவந்தது, இனியும் அவ்வாறே இருக்கும்' என்று எழுதி வாசித்தேன். அவர் தலையாட்டிவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். காலால் ஷட்டரின் அடியைத் துழாவி, கடப்பாரையில் பெயர்ந்த ஒரு செங்கல்லை எடுத்துக் கரையில் போட்டார். யார் வீட்டிலிருந்தோ விளக்கெண்ணெய் கொண்டுவரச் சொல்லி மரையில் ஊற்றினார். பிறகு கைப்பிடியைப் பிடித்து ஷட்டரைக் கீழே இறக்கினார். கடைமடைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முழுக்க இறக்கி, ஒரு நிமிடம் விட்டு, மெல்லத் திருகினார். சத்தமே இல்லாமல் ஷட்டர் ஏறியது. தண்ணீர் கடைமடைக் கிளைக்குள் திரும்பியபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது.

கோட்டாட்சியர் என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு அனுப்பினார், பதில் எழுதினேன், அது எங்கோ ஒரு கோப்பில் தூங்குகிறது. இரும்புப் பெட்டியில் ஆபீஸ் முத்திரைகளைப் போட்டு வைத்தோம். அதன்பின் நான் அந்தத் தாலுகாவில் இருந்தவரை அந்த ஷட்டருக்காக ஒரு மனுவும் வரவில்லை. நாற்காலி எண்ணுவதை நான் விடவில்லை. ஆனால் எண்ணி முடித்ததும் ஒன்று அதிகமாகப் போடச் சொல்வேன், பேச ஆரம்பிக்கும் முன் சுற்றிப் பார்ப்பேன், யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று. நீங்களும் பாருங்கள். நீங்கள் எழுதப் போகும் ஒப்பந்தத்தைக் கடைசியில் கையால் திருகப் போகிறவர் யார் என்று கேளுங்கள். அவர் பெயரையும் கேளுங்கள்.

இத்தோடு முடித்திருந்தால் நான் தவறு செய்து திருத்திக்கொண்ட கதையாக நன்றாகத்தான் இருக்கும். பயிற்சி வகுப்புகளில் பல வருடம் அப்படித்தான் முடித்தேன், கைதட்டலும் வாங்கினேன்.

அறுவடை முடிந்து அஞ்சலை அம்மா என் ஆபீஸுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"சொன்னமாரியே தண்ணி வந்துச்சும்மா" என்றார். "மேக்கால பாதி நல்லா வெளைஞ்சிருச்சு. கெழக்கால பாதிதான் பதராப் போச்சு. அங்க ஏறறதுக்குள்ள ஆத்த மூடிட்டாங்க. இன்னும் ஒரு பகல் வந்திருந்தா மொத்தமும் தேறியிருக்கும். என்ன பண்றது, நாங்க கடேசி வயலு. நீங்க இல்லன்னா இதுவும் இல்ல."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நானும் கும்பிட்டேன். அந்த ஒரு பகல் எங்கே போனது என்பதை அவருக்கு நான் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.